புதுக் கல்லைப் பழக்குதல்

என் வரவேற்பறையில் நான்கு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் நான்கடிக் கடல்நீர்த் தொட்டியில், சம்ப்பில், அதாவது அதன் கீழே உள்ள வடிகட்டித் தொட்டியில், உள்ள நீரையும் சேர்த்தால், ஏறக்குறைய 400 லிட்டர் நீர் இருக்கிறது. தொடக்கத்தில் போட்ட கற்களில் ஒன்றை, அதன் ஓட்டைகள் எல்லாவற்றிலும் ஐப்டேசியா என்னும், களைபோல் பெருகும் கடற்சாமந்தி உயிரி குடியேறிவிட்டதால், சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. சுமார் ஆறு கிலோ எடையுள்ள அந்தக் கல் போனதும் தொட்டியின் வலது மூலை வெறிச்சோடியது. அந்தக் கல்லின் அடியில் வளை வைத்திருந்த கோபி மீன் இரண்டு நாள் இடம் தெரியாமல் மணலில் அலைந்தது. காலியான இடத்தை உலர்கல்லால், அதாவது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் டிரை ராக் என்று சொல்லும் உயிரற்ற காய்ந்த கல்லால், நிரப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். தொட்டி முதிர்ந்தது, பாக்டீரியா ஏராளமாக இருக்கிறது, கல்லோ காய்ந்தது, இதில் என்ன சிக்கல் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

தொட்டியைக் கலைத்துவிட்ட நண்பர் ஒருவர் தம்மிடம் மிஞ்சியிருந்த நான்கு கிலோ கல்லைக் கொடுத்தார். அவருடைய மொட்டைமாடியில் ஓராண்டு வெயிலில் கிடந்து எலும்பைப் போல் வெளுத்திருந்த அந்தக் கற்களைத் தேய்த்துக் கழுவி, அன்று மாலையே தொட்டிக்குள் இறக்கினேன். இறக்கியவுடன் ஓட்டைகளில் இருந்து காற்றுக்குமிழிகள் அரைமணி நேரம் வந்துகொண்டே இருந்தன. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த அம்மா, “புதுச் சட்டியை வாங்கின அன்னைக்கே யாராவது குழம்பு வைப்பாங்களாடா?” என்று கேட்டார். மண்சட்டியைக் கழுநீரில் ஊறவைத்து, காயவைத்து, சிறு தீயில் கஞ்சி காய்ச்சிப் பழக்கிய பிறகே அடுப்பில் நம்பி ஏற்றுகிறவர் அவர். கல் வேறு, சட்டி வேறு என்று பதில் சொன்னேன். அந்தப் பதிலுக்காக அடுத்த மூன்று மாதங்கள் வருந்தினேன்.

இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதாக வருகிறவர்கள் பயப்படுவது அமோனியாவுக்குத்தான். கல்லின் நுண்துளைகளுக்குள் காய்ந்துபோன புழுக்கள், பாசி, கடற்பஞ்சு ஆகியவை நீர் பட்டதும் அழுகத் தொடங்கும். அந்த அழுகலில் இருந்து அமோனியா வரும் என்பது உண்மையே. என் தொட்டியிலும் இரண்டாம் நாள் சோதனைக் குப்பியில் மஞ்சளுக்குப் பதிலாக மெல்லிய பச்சை தெரிந்தது, நீரின் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கோப்பை கறுத்த நுரையால் நிரம்பி வழிந்தது. ஆனால் நான்காம் நாள் அமோனியா இல்லை. முதிர்ந்த தொட்டியின் பலமே இதுதான். பழைய கற்களிலும் மணலிலும் படிந்திருக்கும் நுண்ணுயிர்ப் படலம், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான சுமையைத் தாங்கிக்கொள்கிறது. இந்த வேலையை பாக்டீரியா மட்டுமே செய்வதாக நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆர்க்கியா என்னும் தனிக் குலத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்களும் அமோனியாவை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன என்பதற்குச் சான்றாக, நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ் 2005-இல் தனியே பிரித்து வளர்க்கப்பட்டது. அது கிடைத்தது ஆழ்கடலில் அன்று. சியாட்டில் நகரத்துப் பொதுக் காட்சியகத்தின் கடல்நீர்த் தொட்டி ஒன்றில். தொட்டி வளர்க்கிறவர்களுக்கு இந்தச் செய்தியில் ஓர் அற்பப் பெருமை உண்டு.

எனக்கு வினையாக வந்தது பாசிக்கு உரமாகும் பாஸ்பேட். மீனுக்குப் போடும் ஒவ்வொரு பிடித் தீனியிலும் பாஸ்பேட் இருக்கிறது. கல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அதன் பரப்பில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. நீரில் பாஸ்பேட் மிகும்போது கல் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். நீரில் குறையும்போது திருப்பித் தரும். நண்பர் தாராளமாகத் தீனி போடுகிறவர். அவருடைய தொட்டியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பாஸ்பேட்டை வெயில் போக்கிவிடவில்லை, மழையும் முழுதாகக் கழுவிவிடவில்லை. பாஸ்பேட் குறைவாக இருந்த என் நீருக்குள் வந்ததும் கல் தன் இருப்பை வெளியே விடத் தொடங்கியது. அவர் போட்ட தீனியின் பழைய பாக்கியை என் தொட்டி அடைக்க வேண்டியதாயிற்று.

நான் பயன்படுத்தும் கருவி ஹன்னா நிறுவனத்தின் பாஸ்பரஸ் செக்கர். பொடியைக் கொட்டிக் குலுக்கி, மூன்று நிமிடம் காத்திருந்தால் பாஸ்பரஸின் அளவை நூறு கோடியில் எத்தனை பங்கு என்று காட்டும், அதை 3.066-ஆல் பெருக்கினால் பாஸ்பேட்டின் அளவு கிடைக்கும். கல்லை இறக்குவதற்கு முந்தின நாள் கருவி 13 காட்டியது, அதாவது 0.04 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு). இரண்டு வாரம் கழித்து 72 காட்டியது, அதாவது 0.22. 400 லிட்டரில் 0.18 பிபிஎம் உயர்வு என்பது 72 மில்லிகிராம் பாஸ்பேட். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவான இந்த அளவுக்காக நான் பதறினேன் என்பதை இன்று நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் 0.22 எந்த மீனையும் கொல்லாது. என் தொட்டியில் கடினப் பவளம் கிடையாது. பவளத்துக்கு உறவான ஜோவாந்திட் கூட்டங்கள், காளான் போன்ற கொராலிமார்ஃப்கள், ஒரு ஜோடிக் கோமாளி மீன், அந்தக் கோபி, ஒரு சர்ஜன் மீன், சில நத்தைகள் ஆகியவைதான். இவை எல்லாம் அந்த அளவைத் தாங்கியிருக்கும்.

பதற்றத்தில் நான் செய்த காரியம் தாங்க முடியாததாக இருந்தது. பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகளை, அதாவது ஜி.எஃப்.ஓ.வை, அட்டையில் போட்டிருந்த அளவைப் போல் இரண்டு மடங்கு உருளையில் இட்டு ஓடவிட்டேன். பத்து நாளில் கருவி பூஜ்யம் காட்டியது. மகிழ்ச்சியோடு அதைப் படம் பிடித்து நண்பருக்கு அனுப்பினேன். அதற்கு அடுத்த வாரம் புதுக் கற்களின் மேல் பழுப்பு நிறத்தில் சளி போன்ற படலம் தோன்றியது. பகலில் அது இழை இழையாக நீரோட்டத்தில் ஆடும், ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஒரு காற்றுமுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். இரவில் விளக்கு அணைந்த பின் டார்ச் அடித்துப் பார்த்தால் கல் ஏறக்குறையச் சுத்தமாக இருக்கும். பிள்ளைகள் விளையாடும் சிறு நுண்ணோக்கியில் ஒரு துளியை வைத்துப் பார்த்தேன். எள்ளைப் போல ஒரு முனை கூம்பிய பழுப்புச் செல்கள், கூம்பிய முனையைக் கயிற்றில் கட்டியதுபோல், ஒரே இடத்தைச் சுற்றிச் சுழன்றுகொண்டிருந்தன. ஆஸ்ட்ரியாப்சிஸ் என்னும் டைனோஃப்ளாஜெல்லேட், அதாவது ஒற்றைச் செல் நுண்ணுயிர், அது. நச்சுள்ளது. அதை மேய்ந்த நத்தைகளில் ஐந்து, ஒரே வாரத்தில் மல்லாந்து கிடந்தன.

அது ஏன் புதுக் கற்களின் மேல் மட்டும் முதலில் வந்தது என்பதுதான் இந்த அனுபவத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே விஷயம் என்று சொல்ல வேண்டும். பழைய கல்லின் பரப்பில் ஓர் ஊரே இருக்கிறது: ஊதாநிறக் கோரலைன் பாசியின் மேலோடு, கடற்பஞ்சுகள், சிறு புழுக்கள், கோப்பிபாடுகள் என்னும் நுண்ணிய ஓட்டுயிரிகள், பெயர் தெரியாத நுண்ணுயிர்ப் படலங்கள். புதிதாக வருகிற எதற்கும் அங்கே கால் வைக்க இடமில்லை. காய்ந்த கல்லோ ஆளில்லாத மனை. யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் வேலி போட்டுக்கொள்வார்கள். நீரில் உணவுச் சத்து ஓரளவு இருந்தால் டயட்டம் என்னும் பழுப்பு நுண்பாசி, பிறகு பச்சைப் படலம், பிறகு மயிர்ப்பாசி என்று வரிசையாக வந்து போகும். சத்து முழுவதும் வற்றிவிட்டால் மற்றவை பட்டினியில் பின்வாங்கும். டைனோ மட்டும் நிலைக்கும். தொட்டிக்கு வயது நான்கு என்றாலும் கல்லுக்கு வயது ஒரு மாதம்தான். தொட்டியின் முதிர்ச்சி அமோனியாவைச் சமாளிக்கும். ஆனால் அந்த முதிர்ச்சி கல்லின் பரப்பின் மேல் ஒரே நாளில் ஏறி உட்கார்ந்துவிடாது.

ஜி.எஃப்.ஓ.வை எடுத்துவிட்டேன். தீனியைக் கூட்டினேன், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் கல்லை விட்டு நீரில் மிதக்க வருவதால் புற ஊதா விளக்குக்குச் சிக்கும் என்பதால், ஒரு யு.வி. விளக்கைக் கடன் வாங்கி ஓட்டினேன். ஏழு வாரம் ஆயிற்று. மீதி நத்தைகள் பிழைத்தன.

அதற்குப் பிறகும் மூலை காலியாகவே தெரிந்தது. நண்பரின் கல் சிறியது. கோபிக்கு ஒரு குகையாவது வேண்டும். இந்த முறை புதிய கல்லே வாங்குவது என்று முடிவு செய்தேன். இங்கே ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடையில் எவராவது “ஒரிஜினல் லைவ் ராக், ராமேஸ்வரம் பக்கத்துச் சரக்கு” என்று, அதாவது உயிர்களோடு கடலில் இருந்து எடுத்த உயிர்க்கல் என்று, காதோடு சொன்னால் வாசகர் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவது நல்லது. கடினப் பவளங்கள் முழுவதும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவானது. அந்தத் தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு இன்று நீருக்கு அடியில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தைப் பல காலம் வெட்டியெடுத்தது அதற்கு முக்கியமான காரணம். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரின் அருகே நின்று பார்த்தால், பூச்சு உதிர்ந்த இடங்களில் தேன்கூட்டைப் போல அறை அறையாகப் பிரிந்த பவளக் கல் தெரியும். விரலை வைத்தால் ஒவ்வோர் அறையின் விளிம்பும் தட்டுப்படும். அந்தக் காலத்துக்கு அது செங்கல்லுக்கு மாற்று. நம் காலத்தில் அழகுக்காக அதே கல்லை வெட்டி எடுத்து வருவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

உயிர்க்கல்லின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், கடலில் இருந்து எடுத்த கல்லையும் கடல்நீரையும் காற்றுக்குமிழியையும் மட்டுமே வைத்துத் தொட்டி நடத்திய முறையை 1961-இல் எழுதினார். இன்றைய தொட்டிகள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் அவருடைய பிள்ளைகள்தாம். ஆனால் உயிர்க்கல்லோடு ஐப்டேசியாவும் வேட்டையாடும் மாண்டிஸ் இறாலும் சேர்ந்தே வரும். ஐப்டேசியாவுக்காக ஆறு கிலோ கல்லைத் தூக்கியெறிந்தவன் என்ற முறையில், ஒன்றுமே வராத காய்ந்த கல்லை நான் விரும்புகிறேன்.

நான் வாங்கியது சிமெண்டும் நொறுக்கிய சுண்ணாம்புப் பொருளும் கலந்து வார்த்த ஒன்பது கிலோ செயற்கைக் கல். அதில் பழைய பாஸ்பேட் இல்லை. அதன் சிக்கல் வேறு. சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு, நீரில் கரைந்து பி.எச்.சை ஏற்றிவிடும். ஐப்பசி மாத மழையில் பால்கனியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, நல்ல தண்ணீரில் கற்களை மூழ்கவிட்டு, மேலே பலகை போட்டு மூடினேன். மறுநாள் பலகையைத் தூக்கிப் பார்த்தபோது நீரின் மேல் பாலாடையைப் போல் வெள்ளைத் தோல் படர்ந்திருந்தது. விரலால் தொட்டால் உடைந்து தகடு தகடாக அடியில் அமிழ்ந்தது. காற்றில் உள்ள கரியமில வாயு, கரைந்த சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக மேலே படிகிறது. சுண்ணாம்புத் தெளிநீரில் நாம் பள்ளியில் ஊதிப் பார்த்த அதே வேதியியல். சோதனைத் தாள் 11-ஐத் தாண்டிய கருநீலம் காட்டியது. இந்தக் கல்லை நேரே தொட்டியில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்ய எனக்கு விருப்பமில்லை.

வாரம் ஒரு முறை நீரை வடித்துப் புது நீர் ஊற்றினேன். வினிகரில் ஊறவைத்தால் விரைவில் முடியும் என்று சிலர் சொன்னார்கள். வினிகர் மேற்பரப்பைச் சரிசெய்யும். கல்லின் வயிற்றுக்குள் இருக்கும் சுண்ணாம்பு பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டுதான் இருக்கும். கருநீலம் பச்சைக்கு வர எட்டு வாரம் பிடித்தது. புது நீரில் ஒரு முழு நாள் ஊறிய பின்னும் பி.எச். 8.5-ஐத் தாண்டவில்லை என்று இரண்டு வாரம் தொடர்ந்து உறுதிசெய்த பிறகே அந்தக் கட்டத்தை முடித்தேன். இதுவே பயன்படுத்திய பழைய கல்லாக இருந்திருந்தால் வேறு விதமாகச் செய்திருக்க வேண்டும்: ப்ளீச்சிங் திரவம் கலந்த நீரில் சில நாள் ஊறவைத்து உள்ளே இருக்கும் அழுகலைத் தின்னவிட்டு, தயோசல்பேட்டால் குளோரினைப் போக்கி, நன்கு காயவைத்து, பிறகு உப்புநீரில் போட்டு லாந்தனம் குளோரைடு சொட்டுச் சொட்டாக விட்டுப் பாஸ்பேட்டை இறக்க வேண்டும். ஒவ்வொரு சொட்டுக்கும் நீர் பால்போலக் கலங்கும். தெளிந்த பின் வடித்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ப்ளீச்சும் அமிலமும் ஒரு வேளைகூட ஒரே வாளியில் சேரக் கூடாது, குளோரின் வாயு வரும். லாந்தனத்தை மீன் இருக்கும் தொட்டியில் ஊற்றுவதையும் நான் செய்ய மாட்டேன். செவுளில் அந்த நுண்தூள் படிவதை எண்ணினாலே கை நடுங்குகிறது.

அடுத்தது உப்புநீர்க் கட்டம். தொட்டியில் வாரந்தோறும் மாற்றும் 40 லிட்டர் நீரைச் சாக்கடையில் விடாமல் பால்கனித் தொட்டிக்குள் ஊற்றினேன். வெளிநாட்டு உப்பு விற்கிற விலைக்கு இதைவிட நல்ல சிக்கனம் இல்லை. பவர்ஹெட் என்னும் சிறு பம்ப் ஒன்று நீரைச் சுழற்றிக்கொண்டிருந்தது. குளிர்நாட்டவர் எழுதும் குறிப்புகள் எல்லாம் இந்த இடத்தில் ஒரு ஹீட்டரைப் போடச் சொல்கின்றன. சென்னையில் மார்கழியில்கூட அது தேவைப்படவில்லை, மே மாதத்தில் சில்லர் வாங்கத்தான் கடன் வாங்க வேண்டியிருக்கும். பலகை மூடியே இருந்ததால் உள்ளே இருட்டு, பாசிக்கு இடமில்லை. பழைய தொட்டியில் இருந்து ஒரு கைப்பிடி மணலையும், முட்டையளவு பழைய கல்லையும் வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டேன். தயிருக்கு உறை ஊற்றுவதைப் போன்றதே இது. அம்மோனியம் குளோரைடு கரைசலால் அமோனியாவை 2 பிபிஎம்முக்கு ஏற்றிவிட்டு எத்தனை நாளில் இறங்குகிறது என்று குறித்து வைத்தேன். முதல் முறை பதினொரு நாள் ஆயிற்று. நான்காம் முறை ஒரே நாள். கல்லுக்குள் ஊர் கூடத் தொடங்கிவிட்டது என்று அப்போது தெரிந்தது.

தை பிறந்ததும் கற்களைச் சம்ப்பில் வைத்தேன். இருட்டான அறை, தொட்டியின் அதே நீர், புழுக்களும் கோப்பிபாடுகளும் தாமாகவே வந்து ஏற வசதி. கற்களை இறக்குவதற்கு முன் ஒரு சிறு கணக்கு: ஒன்பது கிலோ சுண்ணாம்புக் கல், அதன் துளைகளில் நீர் நிறைந்த பின், மூன்று லிட்டருக்குச் சற்று மேல் நீரை இடம்பெயர்க்கும். அந்த மூன்று லிட்டர் உப்புநீரை முன்னரே முகந்து எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் சம்ப்பில் மட்டம் உயர்ந்து நிற்கும். ஆவியாகும் நீரை ஈடுகட்டும் தானியங்கி, மட்டம் பழைய கோட்டுக்கு இறங்கும்வரை ஆர்ஓ நீரை விடாது. அந்த இடைவெளியில் உப்பின் செறிவு கொஞ்சம் ஏறிவிடும். 400 லிட்டரில் அது பெரிய மாற்றம் அன்று. சிறிய தொட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

மாசியில், மூன்று கற்களில் ஒன்றை மட்டும் தொட்டிக்குள் கொண்டுபோனேன். மணலை விலக்கி, கண்ணாடித் தரையின் மேலேயே அதை உட்காரவைத்தேன். மணலின் மேல் வைத்தால் கோபி அடியில் தோண்டித் தோண்டி ஒரு நாள் மொத்தத்தையும் தன் தலைமேல் சாய்த்துக்கொள்ளும். பழைய கல்லோடு உரசி நிற்கும்படி வைத்தது வேண்டுமென்றே செய்தது. கருவி முதல் வாரம் 15, இரண்டாம் வாரம் 17, மூன்றாம் வாரம் 16 என்று காட்டியது. ஜி.எஃப்.ஓ. டப்பாவை நான் திறக்கவில்லை. பத்தாம் நாள் கல்லின் மேல் பழுப்பு டயட்டம் படர்ந்தது. பழைய பயத்தில் இரவு இரண்டு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். இரவிலும் அது அப்படியே இருந்தது, இழை இல்லை, முத்து இல்லை. இரண்டு வாரத்தில் நத்தைகள் அதை மேய்ந்து முடித்தன. அதன் பிறகு பச்சைப் படலம் வந்தது, அதைச் சர்ஜன் மீன் பார்த்துக்கொண்டது.

இரண்டாம் கல்லைப் பங்குனி முடிவில் இறக்கினேன். சென்ற வாரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பழைய கல்லை ஒட்டி நிற்கும் பக்கத்தில் ஊதாநிறத்தில் கடுகளவு புள்ளிகள் ஏழு இருந்தன. எட்டாவது ஒன்று சந்தேகத்துக்கு உரியது. கோபி இன்னும் குகைக்குள் போகவில்லை, வாசலில் மணலைக் குவித்து வைத்திருக்கிறது. மூன்றாம் கல் சம்ப்பில் இருக்கிறது. பால்கனித் தொட்டியை எப்போது காலி செய்வாய், வடகம் காயவைக்க இடமில்லை என்று அம்மா நேற்றும் கேட்டார்.